அபயம் முன்னோ, அறிவுரை முன்னோ?

அம்பலத்தே ஆடும் பெருமானுடைய துடியேந்திய கரம் படைத்தலையும், அமைத்த கரம் காத்தலையும், தீயேந்திய கரம் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், எடுத்த திருவடி அருளலையும் குறிப்பனவென்று மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்துள் உணர்த்தினர். இவற்றுள் அமைத்த கரத்தின் பொருள் 'அஞ்சற்க' என்பதேயாம். ஐந்தொழிலை எண்ணும் முறையில் அருளலுக்கு முன்னே காத்தல் நிற்றலும், காத்தலைக் காட்டும் கரம் அச்சந்தீர்க்கும் கரமாக அமைதலும் சிந்திக்கற்பாலன. நடுங்குகின்ற உயிர்க்கு அறிவு கொளுத்தல் கூடுமோ? அச்சந்தீர்த்த பின்னர் அறிவு கொளுத்துதல் முறையோ, அன்றி அறிவுரையும் ஒறுத்தலுமே அச்சந்தீர்க்கும் வாயிலோ? இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. வீடும் உறவும் இழந்து தெருவில் வாழும் இளையோரைப் பேணப் புகுவார் ஒவ்வொருவர்க்கும் நாடோறும் எதிர்ப்படும் வினா இதுவேயாகலின், ஈண்டு ஆராயப்படுகின்றது.

மதுரைமாநகரின் வடபால், வையையின் தென்கரையை அடுத்துள்ளது சிம்மக்கல். கல்லிற் செய்த சிங்கவுருவால் அப்பெயர் எய்திற்று. பழைய சொக்கநாதர் திருக்கோயில் ஆங்குளது. அணித்தே யானைக்கல்லும், 1889 ஆம் ஆண்டில் வையையின் குறுக்கே அமைந்த ஆல்பர்ட் விக்டர் பாலமும் உள்ளன. புகைவண்டி நிலையமும் நடந்து செல்லுந் தொலைவினதே. கோயிலும் கடைவீதியும் ஆற்றங்கரையும் பாலமும் ஒருங்கமைந்த இத்தகைய இடங்களை வீடற்றார் நாடுதல் எந்நகரத்தும் இயல்பாம்; ஆண்டு ஒருவேளைச் சோறு கிட்டும், சுமை தூக்கும் கூலி கிட்டும், கூட்டத்துள் மறைந்திருத்தலும் கூடும். 2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இந்நாட்டில் வீடற்றார் தொகை 17 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்டதெனக் கணக்கிட்டது. இவருள் இளையோரும் உளர்.

பதினைந்து அகவையான் ஒருவன் சிம்மக்கல்லில் அடைத்த கடையொன்றின் வாயிலிற் படுத்திருக்கின்றான் எனக் கொள்க. உலகத்தார் அவனை 'வீட்டை விட்டு ஓடிவந்த பயல்' என்பர். அவன் எதனை விட்டு ஓடிவந்தான் என்று வினவுவார் சிலரே. குடித்துவந்து அடிக்கும் தந்தையை விட்டு வந்திருக்கலாம். கடனுக்கு ஈடாக வேலைக்கு விடப்பட்ட பட்டறையை விட்டு வந்திருக்கலாம். வாய்விட்டுச் சொல்லவொண்ணாத தீங்கினை உறவினன் ஒருவன் இழைத்திருக்கலாம். அவ்வாறு வந்தவனைத் தெருவும் வாளா விடுவதில்லை. வலியார் அடித்துப் பறிப்பர்; தீயோர் இன்சொற்கூறி இழுப்பர்; ஏவலர் கோலால் எழுப்புவர். ஆகவே, அவன் உறங்கும்போதும் ஒரு கண் விழித்தே உறங்குகின்றான்.

இத்தகையான் ஒருவனைக் காப்பகத்திற்கு அழைத்துவந்து சோறிட்டால் அவன் நன்றி கூறி அடங்கியிருப்பான் என எதிர்பார்த்தல் பலர்க்கும் வழக்கம். நிகழ்வதோ வேறு. கதவு தாழிடும் ஓசை கேட்டுத் துள்ளியெழுவான். தோளின்மேல் அன்பாக வைத்த கையைத் தட்டிவிடுவான். பெயர் கேட்டால் பொய்ப்பெயர் கூறுவான். உணவை உண்ணாது பாயின் அடியில் ஒளித்துவைப்பான். உரத்த குரலொன்று கேட்டால் மதிலேறி ஓடுவான். கண்டோர் இவற்றைச் செய்ந்நன்றி கொன்றதெனவும் திருட்டுப் புத்தியெனவும் கூறுவர். உண்மையில் இவையெல்லாம் அவனைத் தெருவில் உயிரோடு வைத்திருந்த காவல்கள். ஆபத்து நீங்கியதென்று அறிவு கூறினும், அதனை உடம்பு நம்புதற்கு நெடுநாட் செல்லும்.

இவ்வுண்மையை இக்கால உளநூலாரும் ஆராய்ந்து நிறுவினர். ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கொடுமையால் உள்ளம் வடுப்பட்டார் தேறுதற்குரிய படிகளை மூன்றாக வகுத்து, அச்சமற்ற நிலையை முதற்படியாகவும், நிகழ்ந்ததை நினைந்து இரங்குதலை இரண்டாம் படியாகவும், உலகத்தோடு மீண்டும் உறவு கொள்ளுதலை மூன்றாம் படியாகவும் வைத்தார். முதற்படியிற் காலூன்றாதாரை இரண்டாம் படிக்கு இழுத்தல் ஆறாத புண்ணைக் கீறுதலாய் முடியும். 1998 ஆம் ஆண்டில் பெலிட்டி, அந்தா என்னும் மருத்துவர்களும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சி, இளமையில் உற்ற கொடுமைகள் எத்துணை மிகுமோ அத்துணை பிற்காலத்து நோயும் தீய பழக்கங்களும் மிகுதலைக் காட்டிற்று. இவற்றின் பயனாக, 'உனக்கு என்ன கேடு?' என்று வினவுதலை விடுத்து, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கருதும் நோக்கு அந்நாட்டுத் தொண்டரிடையே வேரூன்றலாயிற்று.

சித்தாந்த சைவர்க்கு இந்நோக்குப் புதிதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் நூல்களின் துணிபு. படிகம் தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைக் காட்டும். அந்நிறம் படிகத்தின் நிறமாகாது. தெருவின் சார்பால் தோன்றிய பொய்யும் சினமும் அவ்விளைஞனுக்குச் சார்பினால் வந்த நிறங்களென உணர்வார், அவனை இழிஞனெனத் தள்ளார்.

இன்னும் நுணுகி நோக்கின், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் இப்பொருட்கே உவமமாய் நிற்கக் காணலாம். அரசகுமரன் ஒருவன் வேடரிடைப் பட்டு அவர்தம் நடையையே தன்னடையாகக் கொண்டு தன்னை மறந்து வளர்ந்தானெனவும், உண்மையை உணர்த்துவார் ஒருவர் வந்து அவன் இன்னானென உணர்த்த அவன் வேடரை நீங்கித் தந்தையைச் சார்ந்தானெனவும் கொள்ளப்படும் உவமத்தால், ஐம்புலன்களிடைப்பட்ட உயிரைப் பரம்பொருள் குருவாய் வந்து மீட்கும் முறையை மெய்கண்டதேவர் விளக்கினர். இவ்வுவமத்தைப் பாடங் கேட்டார் பலர். வீட்டிழந்து பிறரிடைப்பட்ட பிள்ளையே அதன் உவமப்பொருள் என்பதை நினைந்தார் சிலர். வந்த குரவர் வேடர் நடைக்காக அவனை வைதாரல்லர். 'நீ மன்னன் மகன்' என்பதையே முற்பட உணர்த்தினர். நடை திருந்துதல் அவ்வுணர்ச்சியின் பின்னர்த் தானே நிகழ்வதாயிற்று.

அற்றேல், அவ்விளைஞன் உறும் துன்பம் அவன் முற்செய்த வினையின் பயனாகலின், அதனை நுகர்ந்து கழித்தலே அவற்கு நன்றாம். பிறர் இடைப்புகுதல் வினைப்பயனைத் தடுத்தலாகாதோ எனின், ஆகாது. வினை சடம். அது தானே சென்று செய்தானைப் பற்றமாட்டாது. வினையும் வினைப்பயனும் வினைமுதலும் அறிந்து கூட்டுவான் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தம். இன்னார்க்கு இன்ன பயன் இவ்வளவினதென அறியும் அறிவு மக்கட்கில்லை. அறியாத ஒன்றை அறிந்தார்போல் வைத்துக் கொண்டு, 'இவன் துன்புறுதற்கு உரியன்' என ஒதுங்குவார், இறைவற்குரிய தொழிலைத் தமக்கு ஏற்றிக்கொண்டவராவர். அன்றியும், பிறன் துன்பம் அவனுடைய பிராரத்தமாயின், அதனைக் கண்டும் வாளா இருந்தமை கண்டவனுடைய ஆகாமியமாய் ஏறுமென்பதை மறத்தலாகாது.

இதற்குத் திருவிளையாடற் புராணமே சான்று. கரிக்குருவிக்கு உபதேசஞ் செய்த படலத்தில், முற்பிறப்பில் வீரனாயிருந்த ஒருவன் தான் செய்த பாவத்தாற் கரிக்குருவியாய்ப் பிறந்தானென வினைத்தொடர்பு வெளிப்படவே கூறப்பட்டது. காக்கை முதலிய பறவைகள் தலையிற் குத்தக் குருதியொழுக அஞ்சிக் காட்டில் மரமொன்றில் ஒடுங்கியிருந்த அக்குருவி, மரநிழலில் தங்கிய அடியார் மதுரையின் பெருமையைப் பேசக் கேட்டு, பறந்துவந்து பொற்றாமரையிற் படிந்து பெருமானை வலம் வந்தது. பெருமான் அதன் பழவினையை எடுத்துரைத்து, 'நுகர்ந்து கழிக்க' என்று போக்கினாரல்லர். மிருத்துயுஞ்சய மந்திரத்தை உபதேசித்தார், தலைப்புண் ஆறிற்று. பிற பறவைகள் இன்னும் தன்னைத் துன்புறுத்துமே என்று அது அஞ்சி வேண்டவே, அவற்றினும் வலியதாகும் வரமும் அளித்தார். அதனால் வலியான் என்னும் பெயரும் அதற்கு உண்டாயிற்று. வினைவரலாற்றை அறிந்த பெருமானே அவ்வாறு அருளினனாக, அறியாதார் வினையைக் காட்டிக் கைவிடுதல் எவ்வாறு பொருந்தும்? மேலும், புண் ஆற்றியதோடு அமையாது, மீண்டும் புண்படாமைக்கு உரிய வலியையும் நல்கியமை கருதத்தக்கது. காத்தல் என்பதன் முழுப்பொருள் அதுவே.

இனி, மற்றொரு தடையும் எழும். தாய்தந்தையர் தம் சொல்வழி நில்லாத மக்களை அதட்டியும் அடித்தும் கட்டியும் திருத்துதல் அன்பினாலேயாம். அவ்வாறே இறைவன் செய்யும் மறமும் அருளின் வழித்தே என அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்துள் அருளினரன்றோ? ஆகவே, தெருவிற் கெட்ட பிள்ளைகளை ஒறுத்துத் திருத்துதலே அருட்செயலாம் என்பாரும் உளர். இத்தடை எளிதிற் போக்கத்தக்கதன்று. ஆசிரியர் திருவாக்கின்மேல் நிற்பதாகலின் ஊன்றி நோக்கவேண்டும்.

அவ்வுவமத்தின் உயிர்நிலை அடியில் இல்லை. பெற்றார் என்னும் உறவில் உள்ளது. அடிக்கும் தந்தையே மாலையில் மடியிலிருத்தி ஊட்டுவானென்பதை அம்மகவு அறியும். அவ்வறிவு இருத்தலானன்றோ அடியும் அன்பென விளங்குகின்றது? தந்தையின் அடிக்கு அஞ்சியே தெருவிற்கு வந்தவனுக்கு அடி என்பது அன்பின் மொழியாகாது. அவன் முன்னர்ப் பட்டதன் தொடர்ச்சியேயாம். மேலும், அவ்வுவமம் இறைவனுடைய மறக்கருணையை விளக்கவந்தது. எவ்வுயிர்க்கு எத்துணை மருந்து வேண்டுமென முற்றுணர்ந்தவன் அவன். காப்பகத்துக் கணக்கனும் காவலனும் முற்றறிவுடையரல்லர். அவர் கையிற் கோலைக் கொடுத்து அதற்குச் சித்தியாரைச் சான்று காட்டுதல் நூலுக்கும் இழுக்காம். நாட்டின் சட்டமும் இதனையே விலக்கிற்று. 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், காப்பகங்களிற் சிறாரை உடல் வருந்த ஒறுத்தலைக் குற்றமென விதித்துள்ளது.

அங்ஙனமாயின், எவ்வித ஒழுங்கும் வேண்டாவோ எனின், வேண்டும். ஒழுங்கு வேறு, ஒறுத்தல் வேறு. உண்ணும் நேரம் இது, விளக்கணையும் நேரம் இது, வாயிற்கதவு அடைக்கும் நேரம் இது என முன்னரே அறிவித்து, அறிவித்தவாறே நாடோறும் நடத்துதல் அவ்விளைஞனுக்கு அச்சந்தீர்க்கும் மருந்தாகும். அடுத்த நொடியில் யாது நிகழுமோ என்று நடுங்கி வாழ்ந்தவனுக்கு, சொன்னது சொன்னவாறே நிகழும் ஓரிடம் உண்டென அறிதல் பேருதவியாம். காக்கமுடியாத உறுதியைக் கூறாமையும் அதனுட் படும். 'உன்னை ஒருபோதும் வேறிடத்திற்கு அனுப்போம்' என்று கூறி மறுவாரம் அனுப்புதலினும், 'உன்னைக் குழுவின்முன் அழைத்துச் செல்லவேண்டும். யானும் உடன் வருவேன்' என்று மெய் கூறுதல் நன்று.

இத்தொண்டின் முறையனைத்தையும் மாமனாக வந்து வழக்குரைத்த படலத்துட் காணலாம். மதுரை வணிகன் தனபதி தன் தங்கை மகனை மகவாக வளர்த்துப் பொருளனைத்தையும் அவற்கு ஈந்து மனைவியோடு தவத்திற்குச் சென்றான். தாயத்தார் அச்சிறுவனும் தாயும் துணையற்றவரெனக் கண்டு பொருளைக் கவர்ந்தனர். சோமசுந்தரக் கடவுள் அவர்க்கு இரங்கித் தனபதியின் வடிவிலேயே வந்து, மருமகனைத் தழுவிக் கண்ணீர் சொரிந்து, அவன் அணிகலன் இழந்த மேனி கண்டு வருந்தினர். பின்னரே அவையேறி வழக்குரைத்து, தாயத்தார் ஐயுற்றபோது குடிவரலாறு கூறித் தம்மை நாட்டி, பொருளை மீட்டளித்து மறைந்தருளினர்.

இதனுள் மூன்று உண்மைகள் அடங்கின. ஒன்று, எல்லாம் வல்ல கடவுள் வலிமை தோன்ற வாராது, சிறுவன் அஞ்சாத உறவின் வடிவில் வந்தமை. மக்களை ஆட்கொள்ளக் குரவன் மானிடப் போர்வையில் வருதலை, பார்வை விலங்கு காட்டி விலங்கினைப் பிடித்தலோடு உமாபதிசிவம் திருவருட்பயனில் ஒப்பிட்டதும் இக்கருத்தேபற்றியாம். தெருவில் வாழ்ந்து மீண்டவர் ஒருவர் சென்று அழைத்தால் இளைஞர் செவிசாய்த்தல் இதனாலன்றோ? அமெரிக்க அரசின் உளநலத்துறை 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு நெறிகளுள், முதலது அச்சமின்மையாகவும், மற்றொன்று ஒத்த துன்பம் உற்றாரின் துணையாகவும் வைக்கப்பட்டன. இரண்டு, முதற்கண் தழுவியமை. நிகழ்ந்தது யாதென விரித்துரைக்கும்படி பெருமான் சிறுவனை வற்புறுத்தவில்லை. அவன் இழந்ததைத் தாமே கண்டு கூறினர். வருவார் போவார்க்கெல்லாம் தன் துன்பக்கதையைச் சொல்லுமாறு பிள்ளையை நிறுத்துதல் கொடிது. மூன்று, தழுவியதோடு நில்லாது அவையேறியமை. இரக்கம் மட்டும் போதாது, முறைமன்றமும் வேண்டும்.

அம்முறைமன்றத்திற்கு ஒப்பானது இந்நாளிற் குழந்தைகள் நலக்குழுவாகும். சென்னை மாகாணத்தில் 1920 ஆம் ஆண்டிலேயே சிறாரைக் காக்கும் சட்டம் பிறந்தது. இப்போதுள்ள 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினெட்டு அகவை நிரம்பாத ஆதரவற்றார் ஒருவரைக் கண்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் தலைவரும் நால்வர் உறுப்பினருமடங்கிய அக்குழுவின்முன் கொணர்தல் வேண்டும். 1098 என்னும் தொலைபேசித் துணை 1996 ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிற்று. இப்போது அரசினர் அதனை நடத்துகின்றனர். அச்சட்டம் பிள்ளையின் பெயரும் உருவும் வெளியாதலைத் தடுக்கின்றது. அவன் கருத்தைக் கேட்கவேண்டுமென்கின்றது. காப்பகத்திற் சேர்த்தலை இறுதி வழியாகவே வைக்கின்றது. நன்மனத்தாலும் இதனைக் கடந்து, பிள்ளையைத் தாமே ஒரு மனையில் வைத்துக் கொள்ளுதல் தகாது. 2021 ஆம் ஆண்டில் மதுரையிலேயே காப்பகமொன்றிலிருந்து இரு குழந்தைகள் விற்கப்பட்டனரென வழக்கெழுந்தது. அறத்தின் பெயர்ப்பலகை அறத்திற்குச் சான்றாகாது. அடைக்கலம் என்னும் சொல்லால் ஏமாற்றப்பட்டவன் பின்னர் எச்சொல்லை நம்புவான்? ஆகலின், காப்பார்மேலும் ஒரு கண் வைத்தலே காத்தலாம்.

சைவர் மடங்களிலும் கோயில்களிலும் அன்னம்பாலிக்கும் மரபு நெடிது, அது போதாதோ எனின், தொடக்கத்திற்குப் போதும், முடிவிற்குப் போதாது. தாய்தந்தையை இழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டிற்குப் பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினர். அவையும் பெரியோரை இகழ்ந்து சாபமேற்ற வினையுடையனவே. அத்திருவிளையாடல் அவ்வளவில் முடியவில்லை. அவற்றைப் பாண்டியனுக்கு மந்திரிகளாக்கிய திருவிளையாடல் அடுத்து நிற்கின்றது. உடம்பு மானிடமாயும் முகம் பன்றியாகவே இருந்தது. முகத்திலே கிடந்த அடையாளம் அவர்தம் அறிவிற்கும் பதவிக்கும் தடையாகவில்லை. இக்காலத்தே பிள்ளை பதினெட்டு நிரம்பிய நாளிலேயே காப்பகத்தின் வாயிலைக் கடந்து மீண்டும் தெருவிலே நிற்றல் நேர்கின்றது. அதனைத் தடுக்கவே, சட்டவழி வகுத்த விதிகள் இருபத்தோரகவை வரை பின்பேணுதற்கு இடந்தந்தன. தொழில் கற்பித்தலும், தங்க இடந்தேடித் தருதலும், சான்றிதழ்கள் பெற்றுத் தருதலும், திருநாளில் வந்துண்ண ஒரு வீட்டைக் காட்டுதலும் பின்பேணலின் பகுதிகள். பாலூட்டியோர் மந்திரியாக்கும் வரை உடன் நிற்றல் வேண்டும்.

இதுகாறுங் கூறியவாற்றால், அபயமே முன்னாவது, அறிவுரை பின்னாவது என்பது பெறப்படும். ஆயினும் ஒன்று உணர்க. அபயம் அளித்த அன்றே அது பயன் தருதல் அரிது. அழைத்துவந்தவன் ஓடுவான், மீண்டும் அழைத்தல் வேண்டும். மீண்டும் ஓடினும் கதவு திறந்திருத்தல் வேண்டும். உயிர்கள் பக்குவமெய்துங்காறும் தன்னை வெளிப்படுத்தாது, மறைந்து நின்று நடத்தும் திரோதான சத்தியின் பொறுமையை ஓதியுணர்ந்த சைவர்க்கு இப்பொறுமை அயலதன்று. அவ்விளைஞன் 'நன்றி' என்று கூறும் நாளை எதிர்பாராது செய்வதே அத்தொண்டின் இலக்கணம்.

மதுரை வெள்ளியம்பலத்தே பெருமான் கான்மாறி ஆடியருளினர். ஊன்றிய திருவடி ஓயாது நிற்றலால் நோகுமேயென்று இராசசேகர பாண்டியன் உருகி வேண்டியமையே அதற்குக் காரணமாம். நோதலில்லாத திருவடிக்கே நோவு கருதி இரங்கிய ஊர் அது. அவ்வூரின் சிம்மக்கல் தெருவிலே வெறுநிலத்திற் கிடந்து நோகின்ற இளந்தாள்களுக்கு இரங்குதல், அவ்வழிபாட்டின் வேறாகாமை அன்பர் உணர்ந்து, அமைத்த கரத்தின் வழி நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.